வெனிஸ் போகிறவர்கள் முதலில் பாலங்களை எண்ணட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வெனிஸ் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக என்னென்ன வழி, எதற்கு எவ்வளவு கட்டணம் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள். விலை குறைந்தது மேலே, கூடியது கீழே. கையில் பணம் இருந்தால் டாக்சிப் படகு, இல்லாவிட்டால் பேருந்து என்று அது முடிந்தது. இளவயதுக்காரர்கள் தோளில் ஒரு பையோடு போனால் அந்தக் கணக்கு சரி. வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிற குடும்பத்துக்கு அது போதாது என்பதால்தான் இந்தக் கடிதம். நம் ஊரிலிருந்து வெனிஸ் போகிறவர்களில் பலர் அப்படித்தான் போகிறார்கள்.

நான் ஈரோட்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முழங்கால் வலிக்காரர்கள். கொஞ்ச காலத்துக்கு முன் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். மகனுக்கு ஜெர்மனியில் வேலை. அம்மாவை வரவழைத்து நாலு ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். வெனிஸில் இறங்கிய அன்றே முழங்கால் வீங்கி, அந்த ஊரில் இருந்த மீதி நாளெல்லாம் அறைக்குள்ளேயே படுத்திருந்தாராம். என்ன நடந்தது என்று கேட்டேன். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து ஓட்டல் இருபது நிமிட நடை என்று போன் காட்டியது, நடந்துவிட்டார்கள். "வழியெல்லாம் பாலம்மா. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. பையன் ரெண்டு கையிலும் பெட்டியைத் தூக்கிட்டு முன்னால போயிட்டான். எனக்குப் பிடிச்சுக்க ஆளில்லை" என்றார். அந்த மகன் பாசக்காரர். அம்மாவுக்காகவே விடுப்பு எடுத்தவர். போன் காட்டிய தூரத்தை நம்பினார், அவ்வளவுதான்.

இதைக் கேட்டிருந்ததால், பிறகு என் மாமியாரை அழைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பியபோது எல்லாவற்றையும் வழக்கத்துக்கு மாறாகத் திட்டமிட்டேன். முதலில் படகுத்துறையைப் பார்த்தேன். அதை வைத்து ஓட்டலை முடிவு செய்தேன். விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது என்பது அதற்கப்புறம் தானாகவே முடிவாகிவிட்டது. உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான். அதோடு இன்னொன்று: டாக்சிப் படகுக்குக் கொடுக்கப்போகிற பணத்தை ஓட்டலுக்குக் கொடுங்கள்.

ஊரின் அமைப்பைச் சொன்னால்தான் இது புரியும். மார்க்கோ போலோ விமான நிலையம் வெனிஸுக்குள் இல்லை. தெஸ்ஸேரா என்ற இடத்தில், கடற்கழியின் கரையில், நிலப்பகுதியில் இருக்கிறது. கழிக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளைச் சேர்த்துக் கட்டிய ஊர் வெனிஸ். 1846இல் ரயில் பாலம் வரும்வரை படகை விட்டால் ஊருக்குள் போக வேறு வழியே கிடையாது. சாலைப் பாலம் 1933இல்தான் வந்தது. அந்தச் சாலையும் பியாட்சாலே ரோமா என்ற சதுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. கார், பேருந்து, டாக்சி எதுவும் அதற்கு மேல் ஒரு அடி நகராது. அப்புறம் கால்நடை, இல்லையென்றால் படகு. ஆம்ஸ்டர்டாமும் கால்வாய் நகரம்தான். ஆனால் அங்கே விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிற்கிறது, கால் மணி நேரத்தில் ஊர் நடுவில் இறக்கிவிடுகிறது, அங்கிருந்து டிராம் வாசல் வரை வருகிறது. அங்கே போய் வந்தவர்கள் அதே நினைப்பில் வெனிஸுக்குப் போய்விடக் கூடாது.

வெனிஸில் பாலங்கள் நானூறுக்கு மேல். அடியில் படகு போக வேண்டும் என்பதால் பெரும்பாலானவை வளைந்து உயர்ந்தவை, இரண்டு பக்கமும் படிக்கட்டு. போனில் உள்ள வரைபடம் தூரத்தைச் சொல்லும், நிமிடத்தைச் சொல்லும், நடுவில் எத்தனை படி என்று சொல்லாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் வினை. படி இறங்கும்போது மூட்டில் விழும் பளு உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் நின்று நின்று போவார்கள். இறங்கும்போது 'இறக்கம்தானே' என்று வேகமாக வைப்பார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கையில் பெட்டியும் இருந்தால் கைப்பிடியைப் பிடிக்கவும் முடியாது.

விமான நிலையத்துக்குள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிவிடலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் இப்போது அப்படித்தான் பயணம் செய்கிறார்கள். வெனிஸின் சந்துக்குள் அப்படிக் கேட்க ஆளில்லை. பியாட்சாலே ரோமா போன்ற இடங்களில் கூலிக்குப் பெட்டி சுமப்பவர்கள் கிடைப்பார்கள். ஆனால் அவர்கள் பெட்டியைத்தான் சுமப்பார்கள், அம்மாவை அல்ல.

ஆகவே ஓட்டல்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். உங்களுக்குப் பக்கத்தில் எந்தப் படகுத்துறை, அங்கிருந்து வாசலுக்கு வர எத்தனை பாலம் ஏற வேண்டும், வாசலிலிருந்து அறை வரை லிஃப்ட் உண்டா. இவ்வளவுதான் கேட்டேன். வெனிஸ் முகவரிகள் நமக்கு உதவாது. ஊரை ஆறு பேட்டைகளாகப் பிரித்து, ஒரு பேட்டை முழுவதற்கும் சேர்த்து ஆயிரக்கணக்கில் கதவிலக்கம் போட்டிருக்கிறார்கள். 'சான் மார்கோ' என்று முகவரியில் இருந்தால் அந்தப் பெயருள்ள பிரபலமான சதுக்கத்துக்கு எதிரே என்று அர்த்தமில்லை, ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம். படகுத்துறையின் பெயர்தான் நம்பக்கூடியது. பதில்களும் சுவாரசியமாக இருந்தன. ஒரு ஓட்டல் 'இரண்டே பாலம், சின்னவை' என்றது. இன்னொன்றில் பாலமே இல்லை, ஆனால் பழைய வீடு, லிஃப்ட் இல்லை, அறை மூன்றாம் மாடி. கடைசியில் சான் ஸ்தாயே படகுத்துறைக்குப் பின்னால் ஒன்று கிடைத்தது. ஊருக்கு நடுவே ஓடும் பெருங்கால்வாயைப் பார்த்தபடி வெள்ளை முகப்போடு ஒரு தேவாலயம், அதன் வாசலிலேயே படகுத்துறை. இறங்கினால் சமதரை, பக்கத்துச் சந்தில் ஓட்டல், லிஃப்டும் உண்டு. வாடகை நாங்கள் நினைத்ததை விடக் கூடுதல்தான். என் கணவர் யோசித்தார். டாக்சிப் படகு வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்தக் கூடுதலில் நல்ல பங்கு அதிலேயே கழிந்துவிடுகிறது என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

ஓட்டல் சான் ஸ்தாயே என்று ஆனதும், விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அலிலகூனா என்ற பொதுப் படகு விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஓடுகிறது. தடங்களுக்கு நிறத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். நீலத் தடம் முரானோ தீவு வழியாக வடகரையில் ஃபொந்தமென்தே நோவேயைத் தொட்டு, சுற்றிக்கொண்டு சான் மார்கோ பக்கம் போகும். ஆரஞ்சுத் தடம் கன்னரெஜோ கால்வாய்க்குள் நுழைந்து, குல்லியே, சான் ஸ்தாயே, ரியால்டோ என்று பெருங்கால்வாய் வழியே போகும். நாங்கள் போனபோது ஒருவருக்கு 15 யூரோ. பேருந்துக்கு 10 யூரோ. இப்போது கூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். படகுச் சீட்டிலேயே ஒரு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும் அடக்கம்.

இந்தப் படகில் போனால் வழியில் இறங்கி ஏற வேண்டியதில்லை, ஒரு பாலமும் ஏற வேண்டியதில்லை. வருகைக் கூடத்திலிருந்து படகுத்துறைக்கு மேற்கூரையுள்ள நடைபாதை இருக்கிறது. நகரும் தரை போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் பிடிக்கும். அத்தையை நிதானமாக நடத்திக் கூட்டிப்போனோம்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அலிலகூனா படகுகள் தாழ்வானவை, ஏனென்றால் அவையும் பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும். ஏறியதும் உட்காரும் கூடத்துக்குள் மூன்று நான்கு படி கீழே இறங்க வேண்டும். மிதவைத் துறை ஆடும், படகும் ஆடும், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது. கயிறு பிடிக்கும் பையன் பெட்டிகளை வாங்கி ஓரமாக அடுக்கிவிட்டு அத்தையின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். "ஏங் கண்ணு, இதுக்குள்ளயும் படியா?" என்று என்னைப் பார்த்தார். வலது முழங்கால்தான் அவருக்குத் தொந்தரவு. வீட்டிலேயே பழக்கியிருந்தேன்: இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் கீழே, ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, ஊன்றுகோல் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில். இடது கையில் கோல், வலது கை கம்பியில், வலது கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஐரோப்பாவில் எங்கும் அவசரப்படுத்துவார்கள் என்ற பயம் நம் பெரியவர்களுக்கு உண்டு. யாரும் அவசரப்படுத்தவில்லை. வீட்டில் இரண்டு வாரம் மாடிப்படியில் இப்படிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள் என்று என்னிடம் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

உள்ளே உட்கார்ந்தால் ஜன்னல் தாழ்வு. தண்ணீர் கிட்டத்தட்டக் கண் மட்டத்தில் ஓடும். கழி ஆழமற்றது, பல இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை. அதனால் படகு நினைத்தபடி போக முடியாது. மூன்று மூன்று மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி வழிநெடுக நட்டிருக்கிறார்கள், அதுதான் சாலை. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கடற்காகம். அத்தை அவற்றை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். கால்வாய்க்குள் நுழைந்ததும் வேகம் குறைந்துவிடும். அலை அடித்து வீடுகளின் அடித்தளம் அரிக்கிறது என்பதால் வேக வரம்பு உண்டு. சான் ஸ்தாயே வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேருந்து பியாட்சாலே ரோமாவுக்கு வர அரை மணி கூட ஆகாது. நேரத்தை மட்டும் பார்த்தால் படகு தோற்கும். ஆனால் பேருந்தில் வந்தவர் அந்த அரை மணியில் ஓட்டலுக்கு வந்துவிடவில்லை, ஊரின் வாசலுக்குத்தான் வந்திருக்கிறார். பெட்டிச் செய்தியில் இரண்டு நேரத்தையும் அருகருகே போட்டதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

பேருந்தை நான் குறை சொல்லவில்லை. திரும்பும்போது நாங்களே பேருந்தில்தான் வந்தோம். சான் ஸ்தாயேயில் ஒன்றாம் எண் வாப்போரெட்டோ, அதாவது ஊருக்குள் ஓடும் நகரப் படகு, நிற்கிறது. அதில் பியாட்சாலே ரோமா கால் மணிப் பயணம். இந்த ஒன்றாம் எண் படகு பெரியது, அகலமானது. நடுத்தளம் துறையின் மட்டத்திலேயே இருக்கும். சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள் அப்படியே உருட்டி ஏற்றுவதைப் பார்த்தேன். ஊரைச் சுற்றி ஓடும் 4.1, 4.2, 5.1, 5.2 தடங்களில் சின்னப் படகுகள், அவற்றில் உள்ளே இறங்கப் படி உண்டு. ஒரே டிக்கெட்தான், ஆனால் முழங்காலுக்கு இரண்டும் ஒன்றல்ல. பெருங்கால்வாய் ஓரமாக ஓட்டல் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றாம் எண் உங்கள் வாசலில் நிற்கும், சில துறைகளில் இரண்டாம் எண்ணும் நிற்கும்.

பேருந்திலும் இரண்டு வகை. ஐந்தாம் எண் நகரப் பேருந்து தாழ்தளம், ஏறுவது சுலபம், பெட்டி வைக்க உள்ளேயே தட்டு இருக்கிறது. இன்னொன்று இடையில் நிற்காத சொகுசுப் பேருந்து, பெட்டியை வயிற்றுப் பகுதியில் போடலாம், ஆனால் ஏறப் படிகள் உயரம். நாங்கள் போனபோது இரண்டுக்கும் ஒரே கட்டணம். பெட்டி அதிகமா, முழங்கால் வலி அதிகமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் சீட்டை ஏறும்போது இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும், வாங்கிப் பையில் வைத்திருந்தால் போதாது. வாப்போரெட்டோவுக்கும் அப்படித்தான். பதியாமல் மாட்டினால் அபராதம். நகரப் படகுக்கு ஒரு தடவை ஏறி 75 நிமிடத்துக்குள் போக 9.50 யூரோ கொடுத்தோம். ஆகவே பேருந்தும் படகும் சேர்த்தால் அலிலகூனாவை விட மலிவில்லை. உங்கள் பெட்டிச் செய்தியில் மேலே போட்ட 'மலிவான வழி' படகுத்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மலிவாக இருக்காது. இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் நாள்கணக்குச் சீட்டு எடுத்துவிடுவது நல்லது. ஆனால் சாதாரண நாள்சீட்டில் விமான நிலையப் பேருந்து சேராது, அதற்குக் கூடுதல் கட்டணத்தோடு வேறு சீட்டு கேட்க வேண்டும்.

பியாட்சாலே ரோமாவில் இறங்கி, ரயில் நிலையத்துப் பக்கம் ஓட்டல் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எதிரே அழகான ஒரு புதுப்பாலம் கண்ணில் படும். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து 2008இல் திறந்தது. படிகளில் கண்ணாடிப் பலகைகள் பதித்தார்கள். மழை நேரத்தில் அதில் வழுக்கி விழுந்தவர்கள் பலர், எலும்பு முறிந்தவர்களும் உண்டு. படிகளின் அகலமும் ஒரே சீராக இல்லை. கால் ஒரு கணக்கில் பழகும், அடுத்த படி வேறு கணக்கில் வரும். முழங்காலைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று முட்டை வடிவத்தில் ஒரு கூண்டைப் பாலத்தின் ஓரமாக ஓடவிட்டார்கள், அது சரிவர ஓடாமல் கடைசியில் கழற்றியே விட்டார்கள். கண்ணாடிக்குப் பதில் கல் பதிக்க நகராட்சியே முடிவெடுத்தது. பெட்டியோடு, பெரியவர்களோடு அந்தப் பாலத்தில் ஏற வேண்டாம். பியாட்சாலே ரோமாவிலேயே படகேறி அடுத்த துறையான ஃபெரோவியாவில் இறங்குங்கள். ஒரே ஒரு நிறுத்தத்துக்கு 9.50 யூரோவா என்று வயிறு எரியும். முழங்காலை நினைத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

சரி, டாக்சிப் படகு. தேக்கு நிறத்தில் பளபளவென்று வார்னிஷ் பூசிய அந்தப் படகுகள் அழகுதான், மறுக்கவில்லை. அரை மணியில் வந்துவிடும். விமான நிலையத்திலிருந்து 120 யூரோவுக்குக் குறையாது. ஆள் கூடினால், பெட்டி கூடினால், இரவானால் அதற்கு மேலும் ஏறும். நம் பணத்தில் பத்தாயிரத்துக்கு மேல். நாலைந்து பேர் குடும்பமாகப் போய், ஓட்டலுக்குச் சொந்தமாக நல்ல படகுத்துறை இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் டாக்சிப் படகு 'ஓட்டல் வாசலிலேயே விடும்' என்பதை அப்படியே நம்பக் கூடாது. எல்லா ஓட்டலுக்கும் நீர்வாசல் கிடையாது. இல்லாவிட்டால் பக்கத்துக் கால்வாய்ப் படிக்கட்டில் இறக்குவார்கள். வெனிஸில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு. தண்ணீர் இறங்கிய நேரம் என்றால் வழக்கமாக மூழ்கியிருக்கும் கீழ்ப்படிகள் வெளியே தெரியும், பச்சைப் பாசி படர்ந்து கிடக்கும். எங்கள் ஓட்டலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வயதான தம்பதி அப்படி வந்து இறங்கினார்கள். அந்த அம்மா ஆடும் படகிலிருந்து ஒரு காலை எடுத்துப் பாசிப் படியில் வைத்தார், செருப்பு வழுக்கியது. படகோட்டி இடுப்பைப் பிடித்து அப்படியே மேலே தூக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இவ்வளவு பணம் கொடுத்தும் அந்தக் கடைசி மூன்றடி அவர்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். பொதுப் படகுத்துறை மிதவை மேல் நிற்பது, தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதில் பாசிப் படி இல்லை. கம்பி இருக்கிறது, ஆள் இருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் விலை குறைந்த படகுதான் மேல்.

மெஸ்த்ரேயில் தங்கிவிடுங்கள், பாதி வாடகை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நிலப்பகுதி ஊர் அது. விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து, ஓட்டல் வாசல் வரை டாக்சி, பாலமே இல்லை. உண்மைதான். ரயிலிலோ டிராமிலோ கொஞ்ச நேரத்தில் வெனிஸுக்கு வந்துவிடலாம். ஆனால் பெரியவர்களுக்கு மதியம் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும், கழிப்பறைக்கு அறை பக்கத்தில் இருக்க வேண்டும். மெஸ்த்ரேயில் அறை இருந்தால் காலையில் வந்தவர் இரவு வரை தெருவிலேயே இருக்க வேண்டியதுதான். அத்தை தினமும் மதியம் அறைக்கு வந்து காலை நீட்டிப் படுத்தார், ஐஸ் ஒத்தடம் வைத்தேன், மாலையில் மறுபடி கிளம்பினார். அவர் அந்த ஊரை ரசித்துப் பார்த்தது அந்த மதியத் தூக்கத்தால்தான். ஒரு முழு மாலை ஒன்றாம் எண் படகிலேயே முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பெருங்கால்வாயை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்த் திரும்பினோம். எங்கேயும் இறங்கவில்லை. இதுதான் வெனிஸில் அவருக்கு மிகவும் பிடித்தது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் கழி மேல் மூடுபனி இறங்கினால் படகுகள் மெதுவாகும். விமானம் பிடிக்கப் போகும் நாளில் அப்படி என்றால் பேருந்துதான் தைரியம். நாங்கள் திரும்பும்போது பேருந்தைத் தேர்ந்தெடுத்ததும் விமான நேரத்தை நினைத்துத்தான். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல்நீர் ஊருக்குள் ஏறும். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் வரை ஏறிப் பெரும் சேதம். 2020 அக்டோபரிலிருந்து கழியின் வாய்களில் தடுப்புக் கதவுகளை எழுப்பிப் பெரிய வெள்ளங்களைத் தடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் நீர்மட்டம் கொஞ்சம் கூடினாலே தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாமல் தடம் மாறும். அன்று எந்தத் துறையில் நிற்கும் என்று ஓட்டலில் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும், முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள். இரவு வெகுநேரம் கழித்து இறங்குகிறவர்களுக்கு ஆரஞ்சுப் படகு கிடைக்காது. அவர்கள் பேருந்தில் பியாட்சாலே ரோமா வந்து, பெருங்கால்வாயில் ஓடும் இரவுப் படகைப் பிடிக்கலாம். அதற்கும் படகுத்துறைக்குப் பக்கத்து ஓட்டல்தான் கைகொடுக்கும். நடுநிசியில் சந்து சந்தாகப் பாலம் ஏறிக்கொண்டிருக்க முடியாது.

மலிவு விமானங்களில் சில த்ரெவீசோவில் இறக்கும். பெயரில் வெனிஸ் என்றிருந்தாலும் அது வேறு ஊர், பேருந்தில்தான் வர வேண்டும், படகு கிடையாது. டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் திட்டமிடும் குடும்பங்கள் எனக்கே பல தெரியும். என் மையத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆகவே இரண்டு வேண்டுகோள். இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி எழுதும்போது விமான நிலையத்திலிருந்து ஊர் வாசல் வரை என்று நிறுத்தாமல், அறைக் கதவு வரை எழுதச் சொல்லுங்கள்: எங்கே இறங்குவது, எத்தனை பாலம், எத்தனை படி, கைப்பிடி உண்டா. கட்டுரையாளருக்கு இது கூடுதல் வேலைதான். ஆனால் போய் வந்தவர்களால் மட்டுமே சொல்ல முடிந்த விவரம் இது. இரண்டாவது, பெற்றோரை வெளிநாடு கூட்டிப்போய் வந்த வாசகர்களிடமிருந்து இந்த மாதிரிக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். வெனிஸுக்கு என்னிடம் படகுத்துறை வாரியாக எழுதிவைத்த தாள் இருக்கிறது. பயன்படும் என்றால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஈரோடு